மிளகாய் விதையும் மாடித் தொட்டி மண்ணும்

(வானொலி உரை)



மிளகாயையும் குடைமிளகாயையும் வீட்டிலேயே விதை போட்டு வளர்ப்பது எப்படி என்று இன்றைக்குப் பார்க்கலாம். பேச்சுக்கு எடுத்துக்கொண்ட ஊர் கொடுங்கையூர். "அது பட்டணத்து ஊராச்சே, அங்கே நமக்கு என்ன வேலை?" என்று சோழவரம், பொன்னேரிப் பக்கத்திலிருந்து யாராவது கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். மாடியில் ஆறு தொட்டி வைத்தவர் படுகிற பாடும், ஏக்கர் கணக்கில் நட்டவர் படுகிற பாடும் மிளகாயைப் பொறுத்தமட்டில் ஒன்றுதான். உரம் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் குறைந்தால் ஊற்றலாம். பூச்சி வந்தால் தெளிக்கலாம். விதையும் மண்ணும் கெட்டதாக அமைந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. அதனால் இந்த இரண்டும் எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதையிலிருந்து தொடங்குவோம். வீட்டிலே மிளகாய் போட வேண்டும் என்று நினைத்ததும் கை எங்கே போகிறது? அடுப்படி டப்பாவுக்கு. வற்றல் மிளகாயை உடைத்து, விதையைத் தட்டி, தொட்டியில் தூவிவிடுகிறோம். சில சமயம் நன்றாகவே முளைக்கும். ஆனால் சென்னைக் கடைகளுக்கு வரும் வற்றலில் பெரும் பங்கு ஆந்திர மாநிலம் குண்டூர்ப் பக்கத்துச் சரக்கு. அதில் வீரிய ஒட்டு ரகமும் உண்டு, பல வயல்களின் காய் கலந்ததும் உண்டு. ஒட்டு ரகத்தின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. ஒரு செடி நீளக் காய் காய்க்கும், பக்கத்துச் செடி குட்டைக் காய் காய்க்கும், மூன்றாவது காய்க்காமலே நிற்கும். தவிர, வற்றல் எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது, எந்தச் சூட்டில் காய்ந்தது என்று நமக்குத் தெரியாது. விளையாட்டாகப் போட்டுப் பார்க்கலாம். நம்பிப் போட வேண்டாம்.

குடைமிளகாய் சங்கதி இன்னும் வேறு. கடையில் பச்சையாக வாங்குகிற குடைமிளகாய் பழுக்காத காய். அதன் விதை முற்றியிருக்காது. போட்டுவிட்டு இருபது நாள் தண்ணீர் ஊற்றி ஏமாந்தவர்கள் ஏராளம். சிவப்பு, மஞ்சள் காயின் விதை முற்றியதுதான், முளைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் பசுமைக்குடிலில் விளைந்த ஒட்டு ரகங்கள். அதே காய் நம் மாடியிலும் வரும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

ஆகவே ரகத்தின் பேர் தெரிந்த விதையாக வாங்குங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ரகங்களில் கோவில்பட்டியில் இருந்து வந்த கே 1, கே 2, பாலூரின் பி.எல்.ஆர் 1, பெரியகுளத்தின் பி.கே.எம் 1 எல்லாம் பேர் பெற்றவை. பஜ்ஜிக்கு ஏற்ற தடித்த சதையுள்ள காய் வேண்டுமானால் கோ 4. இராமநாதபுரத்து உறவுக்காரர்கள் வீட்டிலிருந்து குண்டு மிளகாய் விதை கிடைத்தாலும் விடாதீர்கள். முண்டு என்று சொல்கிறோமே, அதற்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது கரிசலில் மானாவாரியாக நேரடியாக விதைத்துப் பழகிய ரகம், தொட்டியிலும் வரும். ஆனால் அந்த ஊர்க் கரிசலும் வெயிலும் கொடுக்கிற குணம் கொடுங்கையூர் மாடியில் அப்படியே இறங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

விதை கைக்கு வந்ததும் முளைப்புச் சோதனை செய்யுங்கள். இருபது விதையை ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு நாளில் முளை காட்டத் தொடங்கும், இரண்டு வாரத்தில் கணக்குப் பார்த்துவிடலாம். சான்று பெற்ற மிளகாய் விதைக்கு வைத்திருக்கும் குறைந்த அளவு நூற்றுக்கு 60. அதாவது இருபதுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு மேல் வந்தால் தைரியமாகப் போடுங்கள். பத்துக்குக் கீழே என்றால் அந்த விதையை விட்டுவிடுங்கள். கிராமத்தில் ஏக்கருக்கு 400 கிராம் விதை வாங்கி, ஒரு சென்ட் நாற்றங்கால் போடுகிறவர் இந்த இருபது விதைச் சோதனையைச் செய்வது அவசியம். முளைக்காத விதையின் விலை மட்டுமா போகிறது? பருவமும் சேர்ந்து போகிறது.

விதைநேர்த்தி சின்ன வேலை. ஆறிய கஞ்சியில் ஒரு சிட்டிகை டிரைகோடெர்மா விரிடி கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தினால் போதும். கிலோ கணக்கில் செய்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 4 கிராம். வாங்கிய விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறியிருந்தால் கம்பெனியே மருந்து கலந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பவும் செய்ய வேண்டாம், தொட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

இனி பருவம். குளிர் நாடுகளில் மிளகாய் விதைக்கிறவர்கள் பிப்ரவரியில் தட்டுக்குக் கீழே மின்சாரச் சூடு வைத்து முளைக்க வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. 25 முதல் 30 டிகிரி சூடு மிளகாய் விதைக்குப் போதும். நம்முடைய தொல்லை மழையும் கோடையும். மிளகாய்க்கு ஜூன், ஜூலையில் விதைத்தால் ஐப்பசி மழைக்கு முன்னே செடி வேர் பிடித்து நின்றுவிடும். அதைத் தவறவிட்டவர்கள் அக்டோபரில் கூரைக்கடியில் நாற்றுவிட்டு, பெருமழை ஓய்ந்ததும் நடலாம். ஜனவரியிலும் விதைக்கலாம், ஆனால் மாடியில் மே மாதத்தைத் தாண்ட நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும்.

குடைமிளகாய்க்கு ஒரே பருவம்தான் சொல்வேன். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபருக்குள் நாற்று விடுங்கள். நவம்பரில் தொட்டிக்கு மாற்றினால் ஜனவரி, பிப்ரவரியில் காய் பார்க்கலாம். பகலில் 32 டிகிரிக்கு மேலே போய், இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் குடைமிளகாய் பூவை உதிர்த்துவிடும். சென்னையில் மார்ச்சு பிறந்தால் அந்த நிலைதான். தேமோர்க் கரைசல் தெளித்தால் பூ நிற்கும் என்பார்கள். தெளியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் மே மாத இரவின் புழுக்கத்தை மோர் மாற்றாது. ஓசூர், ஊட்டிப் பக்கத்தில் விளைகிற கனமான காயை இங்கே எதிர்பார்க்காதீர்கள். செடிக்கு நாலைந்து நடுத்தரக் காய் கிடைத்தால் நல்ல விளைச்சல். அது போதாது என்கிறவர்கள் பஜ்ஜி மிளகாய் போடுவது புத்திசாலித்தனம்.

நாற்றுக்குக் குழித்தட்டு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட காகித டீக் கப் போதும். நன்றாக மக்கிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கப்புக்கு இரண்டு விதை வையுங்கள். மேலே ஈரச் சாக்கு மூடலாம். ஆனால் தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நூல் மாதிரி நீண்டுவிடும். அப்புறம் காலை வெயில் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள்.

நாற்றுகள் தரையோடு ஒடிந்து ஒடிந்து விழுகிறதா? அது நாற்றழுகல். பூஞ்சாணம்தான் காரணம், அதைக் கூப்பிட்டது நாம் ஊற்றிய தண்ணீர். காலையில் ஒரு தடவை தெளித்தால் போதும், சாயங்காலம் வேண்டாம். விழுந்ததைச் சுற்றி உள்ள மண்ணோடு எடுத்துவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து மற்றவற்றின் வேரடியில் ஊற்றுங்கள். இன்னொரு சேதி. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நாற்றைத் தொடாதீர்கள். புகையிலையில் உள்ள தேமல் வைரஸ் மிளகாயையும் தாக்கும், கை வழியாகவே ஏறும்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். கொடுங்கையூரைப் பேச்சுக்கு எடுத்ததே இதற்காகத்தான். அந்த ஊரில் 250 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சென்னையின் வடக்குப் பாதியின் குப்பை அங்கே மலையாகச் சேர்ந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிளாஸ்டிக்கு, துணி, கல், மண் என்று பிரிக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. பழைய குப்பை மக்கிய மண் பார்க்கக் கருகருவென்று இருக்கும், பொலபொலவென்று உதிரும். தொட்டி வைக்க மண் தேடுகிறவர் கண்ணுக்கு அது தங்கமாகத் தெரியும். காசும் இல்லை. செடியும் அதில் தளதளவென்று வளரும். அதுதான் அதில் உள்ள அபாயம்.

ஏன் என்று கேளுங்கள். அந்தக் குப்பையில் வாழை இலையும் காய்கறித் தோலும் மட்டும் விழவில்லை. பழைய பேட்டரி, பெயிண்டு, குழல் விளக்கு, எந்திரச் சாமான் எல்லாம் விழுந்தன. இலை மக்கிப் போகும். ஈயமும் காட்மியமும் மக்காது. எத்தனை வருஷம் ஆனாலும் மண்ணிலேயே கிடக்கும், எந்த நுண்ணுயிர் உரமும் அதைக் கரைத்து வெளியேற்றாது. நகரக் குப்பையிலிருந்து செய்து விற்கும் உரத்துக்கு அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது. கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கூடையில் வாரிக்கொண்டு வந்த மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்தார்கள்?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மிளகாய்க் காய்க்குள் ஈயம் அதிகமாக ஏறுவதில்லை. கீரைக்கும் கிழங்குக்கும்தான் பயம் கூடுதல். காட்மியம் அப்படி இல்லை, அது செடிக்குள் சுலபமாகப் போகும். ஆனால் ஈயத்தின் பெரிய வழி காய் அல்ல, தூசி. மாடியில் கொட்டிய மண் காற்றில் பறக்கும், காயின் மேல் படியும். குழந்தை மண்ணில் விளையாடிவிட்டு அதே விரலை வாயில் வைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கொஞ்சமாக இருந்தாலும் கெடுக்கும், கெட்டதைத் திரும்பச் சரிசெய்ய மருந்து இல்லை. நாலு மிளகாய்ச் செடிக்காக இதை வீட்டுக்குள் கொண்டு வரலாமா?

கிராமத்தில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். "குப்பை உரம், லோடு சல்லிசு" என்று யாராவது லாரியில் கொண்டு வந்தால், எந்த இடத்துச் சரக்கு, தரம் பிரித்த ஈரக் குப்பையில் செய்ததா, சோதனைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நம்முடைய மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்தும் துத்தநாகமும் போரானும் வரும். ஈயம், காட்மியம் வராது. அதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும். தொட்டி மண் கெட்டால் தொட்டியோடு போகும். வயலில் கொட்டியதை வாரி எடுக்க யாராலும் முடியாது.

அப்போது என்ன மண் போடுவது? சுத்தமான செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. வீட்டுக் காய்கறித் தோலை நீங்களே மக்க வைத்த உரம் மிக நல்லது. அதையும் குப்பைக் கிடங்கு மண்ணையும் ஒன்றாக நினைக்க வேண்டாம், அதில் என்ன விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாட்டுச் சாணம் வாங்கினால் மூன்று மாதமாவது மக்க விட்டுப் போடுங்கள். குப்பை மேட்டில் மேய்கிற மாட்டின் சாணம் வேண்டாம், கொட்டிலில் தீவனம் தின்னும் மாட்டின் சாணமாகப் பாருங்கள். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கிறது, அங்கே போய் விதை, நாற்று, மாடித் தோட்டப் பொருள் பற்றி விசாரியுங்கள். 2013-14ஆம் ஆண்டிலேயே சென்னையிலும் கோவையிலும் விதையும் நார்க்கழிவுப் பையும் சேர்த்து மானியத்தில் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. இப்போது என்ன சலுகை இருக்கிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

மண்ணைப் போலவே பாத்திரத்தையும் பாருங்கள். மணலிப் பக்கம் தொழிற்சாலைகள் நிறைய, அதனால் காயலான் கடைகளில் நீல நிற பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கும். உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. சாப்பிடுகிற செடிக்கு அது ஆகாது. எண்ணெய் டின், அரிசிச் சாக்கு, சிமெண்டுத் தொட்டி எதுவானாலும் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம், அடியில் நாலு ஓட்டை இருந்தால் போதும். மாடியில் வைக்கும்போது ஒரு கனஅடி ஈர மண் 45 கிலோவுக்குக் குறையாது என்பதை நினைவில் வைத்து, சுவர் ஓரமாக வரிசைப்படுத்துங்கள். நார்க்கழிவு கலந்தால் பாரம் குறையும்.

தண்ணீர் விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்குத் தனிக் கஷ்டம். மீஞ்சூர், மணலி வரைக்கும் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. மிளகாய் உப்பைத் தாங்காத செடி. தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்து, இலை நுனி கருகினால் உப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். குடிநீர் வாரியத் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்து ஊற்றலாம். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. வீட்டில் ஆர்.ஓ. எந்திரம் இருந்தால் அது வெளியே தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் பலர் செய்கிறார்கள், ஆனால் குடிக்கும் தண்ணீரில் இருந்து நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு இலை விட்டு, 35 முதல் 40 நாள் வயதான நாற்றை மாலையில் நடுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து வெயிலைக் கூட்டிப் பழக்குங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி மண்புழு உரம், இடையில் கடலைப் பிண்ணாக்கு ஊறிய தண்ணீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றினால் போதும். நட்ட 60 முதல் 75 நாளில் பச்சை மிளகாய் பறிக்கலாம்.

இலை சுருட்டு வந்துவிட்டது என்று உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்நோக்கித் தோணி போலச் சுருண்டால் இலைப்பேன். தோணியைக் கவிழ்த்த மாதிரி கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், கொளுத்துகிற வெயிலில் மட்டும் தெளிக்காதீர்கள், இலை வெந்துவிடும். இலை சிறுத்து, நரம்பு தடித்து, கணு நெருங்கிச் செடியே குட்டையாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மனசு கேட்காதுதான். 2021ஆம் ஆண்டு ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் புது வகை இலைப்பேன் பூவுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் மிளகாயை அழித்தது. மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் பலருக்குக் கட்டுப்படவில்லை. பூச்சியை அடையாளம் காணாமல் அடித்த மருந்து நன்மை செய்யும் பூச்சியைத்தான் முதலில் கொல்லும்.

ஒரு கேள்வி அடிக்கடி வரும். குடைமிளகாய்க்குப் பக்கத்தில் காரமிளகாய் வைத்தால் குடைமிளகாயும் காரமாகிவிடுமா? இரண்டும் ஒரே இனம்தான், வண்டும் தேனீயும் மகரந்தத்தை மாற்றி வைக்கும். ஆனாலும் இந்த வருஷக் காய் காரமாகாது. அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த தடவை போட்டால் காரம் வரும். காரமே காயின் உள்ளே வெளிறிய நரம்புப் பகுதியில்தான் உண்டாகிறது, விதையில் அல்ல. ஒட்டிக்கொண்டிருப்பதால் விதையும் உறைக்கிறது.

அதனால் சொந்த விதை எடுக்க நினைப்பவர்கள், நல்ல குணமுள்ள ஒரு செடியை மற்ற ரகங்களிலிருந்து தள்ளி வையுங்கள். இடம் இல்லாவிட்டால் பூ விரியும் முன்பே ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டி, காய் பிடித்ததும் எடுத்துவிட்டு, அந்தக் காய்க்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பறிப்புக் காயாக, செடியிலேயே நன்றாகச் சிவந்து பழுத்ததாக இருக்கட்டும். குழிந்த கரும்புள்ளி விழுந்த பழம் வேண்டாம், பழ அழுகல் நோய் விதையோடு போகும். தேமல் கண்ட செடியின் பழமும் வேண்டாம். நிழலில் உலர்த்தி, விதையைப் பிரித்து, மேலும் இரண்டு நாள் காயவைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, ரகத்தின் பேரையும் எடுத்த மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே போட்டு மூடுங்கள்.